பேர் எழுத வேண்டாம்

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. மேற்கே மலை தெரியவில்லை, ஒரே மேகம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரை பஸ்ஸில் நின்றேதான் வந்தேன்.

ஹெச்.எம். கூப்பிட்டார். பத்தாம் வகுப்புக்குப் போதை விழிப்புணர்வு, இந்த வாரம் முழுக்கக் கடைசிப் பீரியட், என் பொறுப்பு. காரணம் ஒன்று: சயின்ஸ் டீச்சர். காரணம் இரண்டு, அவர் சொல்லாதது: வீட்டுக்காரர் போலீஸ்.

முதல் வகுப்பே தோல்வி. கறுத்துப்போன நுரையீரல் படம் காட்டினேன். பின்பெஞ்சுக் கருப்பசாமி எழுந்தான். "டீச்சர், எங்க தாத்தா பீடிதான். எம்பது வயசு. இன்னும் வரப்பு வெட்டுதாரு." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாதோ? திரும்பி வரும்போது பஸ்ஸில் அதே யோசனை.

பயமுறுத்தினால் விட்டுவிடுவார்கள் என்று எனக்கு யார் சொன்னது?

நாளைக்கு: வெள்ளைத்தாள், அட்டைப்பெட்டி, தோசை மாவு. கேஸ் புக் பண்ண வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

லேசான சாரல். குடை பஸ்ஸோடு போய்விட்டது.

ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்தேன். "மனசுல இருக்கறத எழுதுங்க. பேர் எழுத வேண்டாம். யாருன்னு நான் தேடவும் மாட்டேன்." சத்தியம் மாதிரியே சொன்னேன்.

இரவுச் சமையலுக்கு முன் பெட்டியைப் பிரித்தேன். பாதி விளையாட்டு. "டீச்சர் சேலை சூப்பர்." "பரீட்சைதான் போதை, அத ஒழிங்க." இரண்டு மூன்று, குடிக்கிற அப்பாக்களைப் பற்றி. அதன் பிறகு இது:

"உதட்டுக்கு அடியில வைக்கிற புகையிலைப் பை. ஒரு நாளைக்கு நாலு வைக்கிறேன். வாய்க்குள்ள புண்ணு. காரம் சாப்பிட முடியல. ரெண்டு தடவ விட்டுப் பாத்தேன். தலைவலி. அம்மாவ வையுறேன். என்ன செய்யணும் டீச்சர்?"

அந்தக் கையெழுத்து. 'ற'வின் வால் கீழே இறங்கிச் சுருளும். இந்த எழுத்தில் எத்தனை ரெக்கார்டு நோட்டு திருத்தியிருக்கிறேன். மகாலட்சுமி. வகுப்பில் முதல் ரேங்க். செட்டியார்பட்டிப் பெண்.

மகாவா?

இவர் எட்டிப் பார்த்தார். தாளை மடித்துவிட்டேன். "புள்ள பேரு வேண்டாம். எந்தக் கடையில வாங்குதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லு, நாளைக்கே தூக்கிருவேன்" என்றார். தெரியாது என்றேன். பதினெட்டு வருஷத்தில் இவரிடம் மறைத்தது இதுதான் முதல் என்று நினைக்கிறேன். இல்லை, சீட்டுப் பணம் கட்டிய விஷயம் ஒன்று உண்டு.

ஜூலை 9, புதன்

தூக்கம் சரியில்லை. உப்புமாவில் உப்பு இல்லை.

காலைப் பிரேயரில் ஹெச்.எம். அறிவிப்பு: வெள்ளிக்கிழமை எல்லாருடைய பையையும் சோதிப்பார்கள். பிடிபட்டால் டி.சி.

பின்பெஞ்சுப் பையன்களை மனதில் வைத்துச் சொன்னார். மாட்டப்போவது முதல் பெஞ்சு.

மதியம் மகாவை லேபுக்குக் கூப்பிட்டேன். சுற்றி வளைத்தேன். வாய்ப்புண் எப்படி இருக்கு என்று கேட்டுவிட்டேன்.

"நான் இல்ல டீச்சர்."

"பயப்படாத. யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

என்னையே பார்த்தாள். கண் கலங்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. "பேர் எழுத வேண்டாம்னுதான சொன்னீங்க? தேட மாட்டேன்னீங்கள்ல?"

பெல் அடித்தது. போய்விட்டாள்.

கடைசிப் பீரியட் என்ன நடத்தினேன் என்று ஞாபகம் இல்லை.

ஜூலை 10, வியாழன்

மகா வரவில்லை. பக்கத்தில் உட்காருகிற ஜெனிபரும் வரவில்லை. ஜெனிபர் பாஸ்கெட்பால் டீம், அடிக்கடி லீவு. அதை யோசிக்கவில்லை. மகாதான் மனதில். தனியாக எதையாவது செய்துகொண்டால்?

செட்டியார்பட்டிக்கு ஷேர் ஆட்டோ ஏறப்போய் இறங்கிவிட்டேன். வீட்டு வாசலில் போய் நின்றால் அம்மாவிடம் என்ன சொல்வது? அதுவும் காட்டிக்கொடுப்பதுதானே. அவளுடைய சித்தி கடை பஸ் ஸ்டாண்டுப் பக்கம். அங்கே போய்ச் சும்மா கேட்டேன். "லேசா காய்ச்சல் டீச்சர், படுத்துக் கெடக்கா." உயிர் வந்தது.

திரும்பிப் போய் ஹெச்.எம். அறையில் நின்றேன். பை சோதனை வேண்டாம் என்றேன்.

"நாளைக்கு ஒரு பேரன்ட் வந்து கேட்டா நான் என்னம்மா சொல்ல?"

"சார், ஒரு பிள்ள உதவி கேட்டு எழுதியிருக்கு. பையத் தொறந்தா ஒருத்தர்தான் மாட்டுவாங்க. பொறவு ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க."

"யாரு அந்தப் பிள்ள?"

"சொல்ல மாட்டேன் சார்."

வெகுநேரம் பேனாவை உருட்டினார். "ரெண்டு வாரம். அதுக்கு மேல என்னால முடியாது." வெளியே வந்து தண்ணீர் குடித்தேன்.

ஜூலை 11, வெள்ளி

வெயில். காற்று நின்றுவிட்டது, அதுவும் ஒரு மாதிரி.

மகா வந்திருந்தாள். ஜெனிபரும். இருவரும் என்னைப் பார்க்கவில்லை.

படம் இல்லை, சார்ட் இல்லை. எழுந்து நின்று சொன்னேன்: "தேட மாட்டேன்னு சொல்லிட்டுத் தேடினேன். தப்பு. மன்னிச்சிருங்க." கருப்பசாமிகூடச் சிரிக்கவில்லை.

அப்புறம் தாளுக்குப் பதில் சொன்னேன், எல்லாருக்கும் பொதுவாக. விட்டால் தலைவலி வரும், எரிச்சல் வரும், தூக்கம் கெடும். அது உடம்பு பழகியதைக் கேட்கிறது, நீ கெட்டவள் என்பதல்ல. கெட்டவள் என்று வாய் தவறி வந்துவிட்டது. கெட்டவன், கெட்டவள் என்று திருத்தினேன். வாய்ப்புண் ஆறாமல் இருந்தால் டாக்டர் பார்க்க வேண்டும். "நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு அரசு ஆஸ்பத்திரி பல் டாக்டர் ரூமுக்கு முன்னால உக்காந்திருப்பேன். வாரவங்க வாங்க. ஒண்ணும் கேக்க மாட்டேன்."

பெல்லுக்குப் பின் கருப்பசாமி வந்தான். "டீச்சர், எங்க தாத்தாவக் கூட்டிட்டு வரலாமா? ராத்திரியெல்லாம் இருமுதாரு. அன்னைக்குச் சும்மா சொன்னேன்."

ஜூலை 12, சனி

ஒன்பது. யாரும் இல்லை. ஒன்பதேகால். தாத்தா வந்தார், இருமிக்கொண்டே. அவரை நெஞ்சு டாக்டரிடம் அனுப்பினேன். பத்து. டீ. பத்தரை. எழுந்துவிடலாம் என்று செருப்பு மாட்டினேன்.

மகா வந்தாள். கையைப் பிடித்து ஜெனிபரை இழுத்துக்கொண்டு.

"எழுதுனது நாந்தான் டீச்சர். ஆனா எனக்கில்ல" என்றாள் மகா.

ஜெனிபர் தரையைப் பார்த்துச் சொன்னாள்: "என் எழுத்து கோணல் டீச்சர். நீங்க கண்டுபிடிச்சிருவீங்கன்னு பயம். அதான் இவள எழுதச் சொன்னேன்."

அப்படி ஒளிந்தும் நான் விடவில்லை. மகா மூன்று நாள் அந்தப் பழியைத் தான் சுமந்துகொண்டு தோழியைச் சொல்லவில்லை. நான் கொடுத்த ஒரு வாக்கைக்கூடச் சுமக்கவில்லை.

டூர்னமென்ட்டுக்குப் போன இடத்தில் ஒரு சீனியர் கொடுத்தாளாம். "பசிக்காது, களைக்காதுன்னா."

டாக்டர் அம்மா டார்ச் அடித்துப் பார்த்தார்கள். இப்போது நிறுத்தினால் புண் ஆறும். பதினைந்து நாளில் மறுபடி காட்ட வேண்டும். "அடுத்த தடவ அம்மாவோட வா. இது அம்மாவுக்குத் தெரியாம முடியாது." ஜெனிபர் என் நம்பரைக் கையில் எழுதிக்கொண்டாள்.

இரவு இவர் பேரைக் கேட்கவில்லை. தட்டு கழுவிக்கொண்டே, "கண்டுபிடிச்சிட்டியா?" என்று மட்டும். "அவளே வந்தா" என்றேன். ரொம்ப நேரம் குழாயைத் திறந்தே வைத்திருந்தார்.

ஜூலை 13, ஞாயிறு

காலை ஆறேகாலுக்குப் போன். புது நம்பர்.

"டீச்சர், ஜெனிபர். நேத்துலருந்து ஒண்ணும் வைக்கல. தல தெறிக்குது. கையில ஒண்ணு இருக்கு."

"எங்க உக்காந்திருக்க?"

"அடுப்படியில. அம்மா மில்லுல நைட் ஷிப்ட். இப்ப வந்துருவாங்க. வந்ததும் சொல்லிரணும். அதுவரைக்கும் போனை வைக்காதீங்க டீச்சர்."

வைக்கவில்லை. என்ன பேசினோம்? போஸ்ட்டுக்குக் கீழே நின்று பந்து போடும்போது எதைப் பார்ப்பாய் என்று கேட்டேன். சொன்னாள், நிறையச் சொன்னாள், பாதி புரியவில்லை. நடுவில் அழுதாள். இங்கே பால் பொங்கி அடுப்பில் வழிந்தது; இவர் வந்து அணைத்தார். யார் என்று கேட்கவில்லை. எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு வாசலுக்குப் போனார்.

"சாக்கடையில போட்டுட்டேன் டீச்சர்."

"சரி."

"அம்மா செருப்பக் கழட்டுறாங்க."

போன் கட்.