பதின்மூன்றுக்குப் பதின்மூன்றில் நின்ற ஆட்டம்

13-2-78, திங்கள்

பனி. ரயில் லேட். ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் நின்று நின்று கால் மரத்துவிட்டது.

இரும்பு மில் வாசலில் ஒரே பேச்சு. மாதக் கடைசியில் டெம்பரரி ஆட்களை நிறுத்தப்போகிறார்களாம். நானும் யேசுவும் டெம்பரரி. யேசு ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட இருக்கிறவன், அவனுக்குக் கவலை என்பதே கிடையாது. "இன்னாடா, இப்பவே எழவு ஊடு மாரி மூஞ்ச வச்சிக்கினு கீற?" என்கிறான்.

வாங்க வேண்டியவை: பந்துக்கு பிளாடர். அம்மாவுக்குத் தைலம். முட்டியில் கட்டத் துணி (பழைய வேட்டியே போதும்).

14-2-78, செவ்வாய்

வெயில். ஃபர்னஸ் பக்கம் நிற்க முடியவில்லை.

கேன்டீனில் மணி அண்ணன் காதோடு காதாகச் சொன்னார். எங்கள் ஊர் டீம் கேப்டன், மில்லில் கிரேன் ஓட்டுகிறவர், பர்மனென்ட்.

"ஞாயித்துக்கெழம மேட்ச் பாக்க நம்ம மில்லு பர்சனல் ஆபீசர் வராரு. மில்லு டீமுக்கு ஒரே ஒரு ஆளு எடுக்கறாராம். எடுத்தா பர்மனென்ட்டு. வெளிய சொல்லாத."

யேசுவிடமும் இதையே சொல்லியிருப்பார்.

பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம், கடலோரக் குப்பத்தில் வாலிபால் மேட்ச். வருஷா வருஷம் இந்தச் சமயத்தில் மணலில் கம்பம் நட்டு, கிழிந்த மீன் வலையைக் கட்டி ஆட்டம். பரிசு எவர்சில்வர் குடம். நாங்கள் போவது வறுத்த மீனுக்காக. இந்த வருஷம் அப்படி இல்லை.

நான் டீமில் லிஃப்டர். வலைக்குப் பக்கத்தில் பந்தைத் தூக்கிக் கொடுப்பேன். யேசு எகிறி அடிப்பான். கூட்டம் "யேசு, யேசு" என்று கத்தும். தூக்கிக் கொடுத்தது யார் என்று எவனும் கேட்டதில்லை. இத்தனை வருஷம் அது உறுத்தவில்லை. இன்று உறுத்துகிறது.

16-2-78, வியாழன்

சரியான தூக்கம் இல்லை. ஸ்டேஷனுக்குப் பின்னால் பிராக்டிஸ். நானே எகிறி அடித்துப் பார்த்தேன். ஒன்று வலையில். இன்னொன்று பக்கத்து வயலில், நெல் அறுத்துக்கொண்டிருந்த அம்மாளின் முதுகில். வண்டி வண்டியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

யேசு சிரித்தான். "நீ தூக்கிக் குடு மச்சான். மீதிய நான் பாத்துக்கறேன்."

மீதி என்றால் எது?

ராத்திரிச் சாப்பாடு. அம்மா: "இன்னா நைனா, தட்ட வச்சிக்கினு எங்கியோ பாக்குற?"

20-2-78, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. உள்ளங்கை உரிந்துவிட்டது. இன்றும் பேனா பிடித்தால் எரிச்சல்.

ஃபைனல் எங்களுக்கும் குப்பத்து டீமுக்கும். ஆபீசர் படகில் வந்தார், ஷூவைக் கையில் பிடித்து, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு. கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்தார். அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒரு பந்து எனக்கென்றே செய்த மாதிரி வந்தது. ஆபீசரும் பார்த்துக்கொண்டிருந்தார். அடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கை அதன் பழக்கத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டது. யேசு அடித்தான். ஆபீசர் கை தட்டினார், யாருக்கு என்று தெரியும்.

பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. சர்வீஸ் என்னுடையது. பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன், தண்ணிப் பக்கமிருந்து ஒரு கத்தல்: "மீன் வருது! வலைய எடுங்கடா!"

குப்பத்தில் இது வழக்கம். மீன் கூட்டம் தெரிந்தால் ஆட்டம் நிற்கும். பந்தை மண்ணில் வைத்துவிட்டு, ஆட வந்தவன், பார்க்க வந்தவன் எல்லோரும் கரைவலை இழுக்க வேண்டும். அப்புறம் விட்ட இடத்திலிருந்து ஆட்டம். வருஷா வருஷம் சொல்வார்கள். ஒரு தடவைகூட மீன் வந்ததில்லை, நாங்கள் தமாஷ் என்றே நினைத்திருந்தோம்.

எதிர் டீம் மொத்தமும் ஓடிவிட்டது. அம்பயர் விசிலை வாயில் வைத்தபடி ஓடினார். மீன் வறுத்த அக்கா சட்டியை இறக்கி வைத்துவிட்டு ஓடியது. படகுக்காரரும் போய்விட்டார்.

மணி அண்ணன்: "போடுறா சர்வீஸ! எதிர்ல ஆளே இல்ல. ரெண்டு பாயின்ட்டு, கொடம் நம்மளுது. ஆபீசர ஒக்கார வச்சிக்கினு மீன் புடிக்கப் போறியா?"

ஆபீசர்: "போடுப்பா. சீக்கிரம் முடி, கெளம்பணும்."

முதல் தடவையாக என்னைப் பார்த்துப் பேசினார். அதற்காகவாவது போட்டிருக்கலாம்.

நின்ற இடத்திலேயே பந்தை வைத்துவிட்டுப் போனேன். பெரிய மனசெல்லாம் இல்லை. ஆளில்லாத பக்கம் பந்தைப் போடக் கை கூசியது. யேசு அதற்குள் வலைக் கயிற்றைப் பிடித்திருந்தான்.

படகு இல்லாமல் ஆபீசர் எங்கே போவார்? கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவரும் எனக்குப் பின்னால் வந்து கயிற்றைப் பிடித்தார். "இவ்ளோ கனமா?" என்றார்.

வலை கரையேறும்போது இருட்டிவிட்டது. குப்பத்து கேப்டன் கோவிந்தன், பந்து இருந்த இடத்தில் ஒரு உடைந்த துடுப்பை நட்டான். "அட்த்த ஞாயித்துக்கெழம வாங்கப்பா. இங்கருந்துதான் ஆட்டம்."

துண்டில் என் பங்கு நெத்திலி. அம்மா குழம்பு வைத்தாள். நன்றாக இருந்தது.

22-2-78, புதன்

யேசுவை எடுத்துவிட்டார்கள். ஒன்றாம் தேதி ஆர்டர் கையில் கொடுப்பார்களாம். சொல்ல வந்தவன் தரையைப் பார்த்துப் பேசினான்.

"உன் பேரயும் சொன்னன்டா. மில்லு டீம்ல லிஃப்டர் ஏற்கெனவே கீறான்னுட்டாரு ஆபீசரு."

எனக்கு இந்த மாதத்தோடு சரி. ஃபோர்மேன் வாயாலேயே சொல்லிவிட்டார்.

யேசுவுக்குக் கை கொடுத்தேன். வயிறு எரிகிறது. பொறாமைதான், வேறென்ன. எழுதினால் குறையும் என்று எழுதுகிறேன். குறையவில்லை.

25-2-78, சனி

தைலம் இன்னும் வாங்கவில்லை.

மணி அண்ணன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. குடம் போன கோபம். போகிறபோக்கில் சொன்னார்: "யேசு இனிமே வெளி மேட்ச் ஆடக் கூடாது. கால் கீல் ஒடிஞ்சா? ஆபீசருக்குத் தெரிஞ்சா ஆர்டரே கெடையாது. நானும் வரல."

கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டில் கோவிந்தன், மீன் கூடையோடு. "துடுப்பு அப்டியே கீது. எங்க பசங்க அந்த எடத்துல காலே வக்கல. நீ வந்துதான் சர்வீஸ் போடணும்."

மில்லில் என் இடத்துக்குப் புது டெம்பரரி ஆள் பார்த்தாகிவிட்டது.

26-2-78, ஞாயிறு

காலை. காற்று பலம். பந்துக்குக் காற்று அடித்தாகிவிட்டது. முட்டித் துணியும் துவைத்துக் காய்ந்துவிட்டது. ஆறு பேர் வேண்டும், எக்ஸ்ட்ரா ஆளைச் சேர்த்தும் ஐந்து பேர்தான் வருகிறோம். சர்வீஸ் போட்டுவிடுவேன். அடுத்த பந்தை யாருக்குத் தூக்கிக் கொடுப்பது? போகாமலே இருந்துவிடலாமா என்றும்

வாசலில் அம்மா யாரையோ உட்காரச் சொல்கிறாள்.

"ஒக்கார நேரமில்லம்மா. பந்த எடுத்துக்கினு அவன வரச் சொல்லு, பஸ்ஸு பூடும்."

யேசு.