தளிகையில் உப்புக் குறைந்த காரியம்

ஸ்வஸ்தி. திருமகள் கேள்வன் அருள் முன்னிற்க. வெண்குன்ற நாட்டுக்கும் பொழிலாற்றின் இருகரைக்கும் உரிய திருவடிநம்பி தேவர், தண்பொழில் விண்ணகரத்து அடியார் சபையார் பன்னிருவருக்கும் நலம் கூறி விடுத்த ஓலை.

உங்கள் கோயில் நிர்வாகம் பார்க்கும் ஸ்ரீகாரியம் வில்லிப்பட்டர் நம் வாயிலில் மூன்று நாள் பட்டினி கிடந்தார். மடைப்பள்ளியில் நாற்பதாண்டு தளிகை செய்த செண்டலங்காரர் பொங்கலில் உப்பிட மறந்ததும், பெருமாள் அமுது செய்யுமுன் எவரும் சுவை பார்க்கலாகாது என்பது முறையாதலால் அது அவருக்கே தெரியாமற் போனதும், பிரசாதத்துக்கு அமர்ந்த அடியார் கோஷ்டி நடுவே பட்டர் இலையைத் தள்ளிவிட்டு, இவர் கையும் போயிற்று, பக்தியும் கூடவே போயிற்று என்று உரக்கச் சொன்னதும் நீங்கள் கண்டவையே. சொன்னது பொய்யன்று, உப்பு இல்லைதான். அடுப்படிக்குப் போய், இன்று விட்டுப்போயிற்று என்று காதோடு சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? செண்டலங்காரர் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு ஊரை விட்டே போனார். அப்போது நீங்கள் பன்னிருவரும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டு நமக்கு நெஞ்சு கொதித்தது.

தம்மைப் பொறுத்தருள வேண்டுமென்று பட்டர் நம்மிடம் அழுதார். அடியாரிடம் பட்ட அபசாரத்தை அவ்வடியாரே பொறுக்க வேண்டும், பெருமாளும் பொறார். முடி சூடியதனால் நமக்கு அதில் என்ன அதிகாரம்? ஆகவே ஆள் துணை கொடுத்து, செண்டலங்காரர் தங்கியிருந்த ஆற்றுத்துறைச் சத்திரத்துக்கு அனுப்பினோம்.

பட்டர் போய்க் காலில் விழுந்தார். செண்டலங்காரர் பதறிப்போய் அவரைத் தூக்கி நிறுத்தி, தேவரீர் யார், எந்த ஊர் என்று வினவினாராம். பட்டர் பேரைச் சொன்னார், கோயிலைச் சொன்னார், இலையைத் தள்ளியதையும் தம் வாயாலேயே சொன்னார். பொங்கலில் உப்பு மறந்தபோதே அவருக்கு நினைவு கழன்றுகொண்டிருந்தது என்று சத்திரத்து வைத்தியர் கூறினார். உங்களில் ஒருவர்கூட அதை விசாரிக்கவில்லை.

எல்லாம் கேட்ட செண்டலங்காரர் கண் கலங்கி, அந்தத் தளிகைக்காரர் பாவம், எங்கே இருக்கிறாரோ, தேடிப்போய் அவரிடமே கேளும் என்று சொல்லி, பட்டருக்கு வழிச்சோறும் கட்டிக்கொடுத்து அனுப்பினாராம். அந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பட்டர் நம் முன் வந்து நின்றார்.

ஸ்ரீகாரியத்தை விட்டு விலக அவர் கேட்டதற்கு நாம் இசையவில்லை, விலகினாலும் தீராது. இவ்வோலையைக் கோஷ்டியில் உரக்க வாசிக்கலாகாது. ஒவ்வொருவரும் தனித்தனியே கையில் வாங்கிப் படித்துவிட்டு, பட்டர் முகத்தைப் பார்த்து எதுவும் கேளாதிருக்கக் கடவீர். இது நம் ஆணை. கருட முத்திரை இட்டோம்.