டூட்டி பார்த்தவர்கள்

1952 ஆகஸ்ட் 12, செவ்வாய், இரவு.

டூட்டி என்றால் கடமை என்று கல்லூரியில் படித்தேன். ராயபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான் மற்ற அர்த்தங்கள் தெரிந்தன. துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்குக் கட்டும் வரியும் டூட்டி. அங்கே கிரேன் ஓட்டும் என் கணவரின் இரவு வேலையும் டூட்டி. அப்படி வேலை பார்த்தவர்கள் பகலில் தூங்கும்போது, எங்கள் வரிசை வீடுகளின் பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே நிற்பது வழக்கம். அதற்கு மட்டும் யாரும் பெயர் வைக்கவில்லை.

நேற்றிலிருந்து எங்கள் பாப்பாவுக்குக் காய்ச்சல். இன்று வெயிலில் கொண்டுபோக மனம் வரவில்லை. அவள் அழுததில் இவர் விழித்துக்கொண்டார்.

"டூட்டி பாத்துட்டு வந்தவன் தூங்க வேணாமா? புள்ளைய எத்துகினு வெளிய போம்மா," என்றார் மாமியார்.

"ராத்திரி முழுக்க ஈரத்துணி போட்டு நானும் டூட்டிதான் பார்த்தேன், அத்தை. நான் போகல."

"இன்னாடா, காலேஜ் பொண்ணு பேசறத கேட்டியா?"

இவர் பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் படுக்கப் போனார். மாலையில் பேசாமலே வேலைக்குக் கிளம்பினார்.

பாப்பாவின் நெற்றி இன்னும் சுடுகிறது. பயமாகத்தான் இருக்கிறது. காலையில் அவர் வந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட வரச் சொல்வேன். தூக்கம் வந்தால் ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடி தூங்கட்டும்.