பள்ளி நேரத்தில் ஊர் சுற்றிய வாரம்

3 நவம்பர், திங்கள்

விடியலிலிருந்து மழை. மூன்றாம் வகுப்பு மூலையில் ஒழுகல், வாளி வைத்தாயிற்று. இந்தத் தொடக்கப் பள்ளிக்கு நானும் மாலாவும் மட்டும்தான் ஆசிரியர்கள். மாலாவுக்கு இந்த வாரம் முழுக்க நீடாமங்கலத்தில் பயிற்சி. தலைப்பு: மாணவர் வருகையை உயர்த்துவது எப்படி! எனக்கு நாளையிலிருந்து வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பு, வீடு வீடாக. இருவரும் போனால் பிள்ளைகள்? வட்டாரக் கல்வி அலுவலருக்குப் போன் போட்டேன்.

"சத்துணவு அம்மாவைப் பாத்துக்கச் சொல்லுங்க மேடம். கொஞ்ச நாள்தான், அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

அந்த அம்மா சோறு வடிப்பாரா, வாய்ப்பாடு நடத்துவாரா?

4, செவ்வாய்

தெருத் தெருவாக அலைச்சல். சேற்றில் செருப்பு அறுந்தது. மாலையில் யாழினி வீடு. மூன்றாம் வகுப்பு, எழுத்துக் கூட்டாமல் இப்போதுதான் வாசிக்கத் தொடங்கியிருக்கிறாள். அம்மா செல்வி, களை எடுத்துவிட்டு வந்த காலோடு வாசலில்.

"வீட்டுக்கு வீடு வர்றீங்க டீச்சர், பள்ளிக்கூடத்துல யாரு இருக்கா?"

வாக்காளர் படிவத்தை நீட்டினேன்.

"டீச்சர் இல்லன்னு புள்ள மத்தியானமே வந்துடுச்சு. டி.சி. குடுத்துடுங்க. இங்கிலீஷ் மீடியம் வேன் தெருவுக்கே வருது."

கோபம். செல்வி மேல் இல்லை.

5, புதன்

ஊருக்குள் போகவில்லை. பாடம் எடுத்தேன். கடன் வாங்கிக் கழித்தல். நடுவில் அலுவலர் போன்.

"நாலு மணிக்கு மேல போறேன் சார்."

"மெமோ வரும் மேடம்."

"வரட்டும் சார்."

வைத்த பிறகுதான் மெமோ என்பது உறைத்தது. பதவி உயர்வு நெருங்கும் நேரம் வேறு. இருட்டும்வரை வீடுகள், டார்ச் வெளிச்சத்தில்.

6, வியாழன்

பஸ்ஸில் பின்சீட்டுக் குரல்: "கவர்மெண்ட் ஸ்கூல்ல புள்ளைங்க குறையுதுன்னா, வாத்தியாருங்க ஒழுங்கா வர்றதில்ல சார்." இறங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் டிவியிலும் அதே விவாதம். பேசியவர்களில் ஒருவர்கூட வாத்தியார் இல்லை. அணைத்தேன். பிரஷர் மாத்திரை போட மறதி.

7, வெள்ளி

டி.சி. வாங்க செல்வி வந்தார். உள்ளே யாழினி பாடம் வாசித்துக்கொண்டிருந்தாள். திக்கினாள், திரும்ப வாசித்தாள். முடியும்வரை செல்வி ஜன்னலோரம் நின்றார்.

"திங்கக்கிழம இருப்பீங்களா டீச்சர்?"

"இருப்பேன்."

"அதுக்கு மறுநாளு?"

"இருப்பேங்க."

"அப்ப டி.சி. வேணாம். இங்கயே இருக்கட்டும்."

மதியம் மெமோ. ஒப்படைத்த பணிக்குப் புதனன்று பள்ளி நேரத்தில் செல்லாதது ஏன், விளக்கம் தருக. விதி, பிரிவு என்று எழுதி எழுதிக் கிழித்தேன். கடைசியில் ஒரே வரி: வகுப்பில் இருந்தேன்.