அண்ணன் மூடிய துளைகள்

பிப்ரவரி 9
இன்றும் சைட்டில் எல்லார் முன்னாலும் அண்ணன் என்னை “மேடம்” என்றான். முகத்தை அப்படி வைத்துக்கொண்டு எப்படித்தான் சொல்கிறானோ! ஹெல்மெட்டைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டு சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும், “ஏய் வாலு, புதுப்பொண்ணு மாதிரி தரையப் பார்த்துக்கிட்டே நடக்காத. தலைக்கு மேல சுவர் தொங்குது” என்கிறான்.

நாங்கள் அண்ணன் தங்கை என்று அங்கே யாருக்கும் தெரியாது. அவன்தான் சொல்ல வேண்டாம் என்றான். “மேஸ்திரி தங்கச்சின்னா இன்ஜினீயர்னு உன் பேச்சை எவன் கேப்பான்?” நான் பேசுவதே இல்லை, அது வேறு விஷயம்.

பிப்ரவரி 16
அம்மாவுக்கு என் வேலையை விளக்கினேன். சுவர்கள் தொழிற்சாலையிலேயே வார்த்து வருகின்றன. கிரேன் தூக்கி வைக்கும். கீழ்ச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் மேல் சுவரின் குழல்களுக்குள் நுழையும். அண்ணன் குழு குழலின் கீழ்த் துளை வழியாகக் கிரவுட் என்கிற சிமென்ட் கூழை ஏற்றும். மேல் துளையில் வழிந்ததும் இரண்டையும் அடைக்கும். நிலம் குலுங்கினால் சுவர் அடியில் லேசாக வாய் பிளக்கும். கம்பி அதை இழுத்து உட்கார வைக்கும். குழல் நிறையாமல் இருந்தால் கம்பி உருவிக்கொண்டு வந்துவிடும்.

“பல்லு மாதிரின்னு சொல்லு” என்றாள். என் நாலு வருடப் படிப்பு இரண்டே வார்த்தையில் முடிந்தது.

அண்ணன் மூடிய துளையைப் பார்த்ததும் தெரியும். பூச்சுக் கரண்டி வைக்க மாட்டான், பெருவிரலால் அழுத்தித் தேய்ப்பான். குறுக்கே தழும்பு விழுந்த விரல். நான் பள்ளிக்கூடம் போகும்போது அவன் பட்டறை மெஷினில் கொடுத்தது. காய்ந்த கிரவுட்டில் அந்தக் கோடு அப்படியே இருக்கும்.

மார்ச் 3
மூன்றாவது மாடி. சோதனைக்கு ஒரு துளையைக் குடைந்து கேமரா வயரை உள்ளே விட்டேன். துளையின் வாயில் மட்டும் ஒரு விரல் கனத்துக்குக் கிரவுட். அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. வெறும் கம்பி.

குடைவதற்கு முன்பே பார்த்திருந்தேன், அந்தக் கோட்டை.

மார்ச் 4
மாடிப்படியில் யாரும் இல்லாதபோது அண்ணனிடம் கேட்டேன்.

“மேல வழிஞ்சுது வாலு, கண்ணால பார்த்தேன். அடி விளிம்புல எங்கயோ கசிஞ்சு, உள்ள இறங்கிருக்கு.”

“மூடும்போது தெரியலையா?”

“கொஞ்சம் குழியா இருந்துச்சு. வாயிலதான் இறங்கியிருக்குன்னு நினைச்சு நிரப்பிட்டேன். அடுத்த சுவர் கிரேன்ல தொங்குது, கீழ மேனேஜர் கத்துறாரு. எங்க நின்னு பார்க்கிறது?” அப்புறம் குரல் இறங்கியது. “அந்த ஒண்ணை நானே சரி பண்ணிடறேன். சொல்லித்தான் ஆகணுமா?”

இறங்கி வந்துவிட்டேன்.

ஒன்றுதானா? அந்த மாடியில் இரண்டு குழுக்கள் கலந்து வேலை செய்தன. எது யார் மூடியது என்று கண்டுபிடிக்க என்னால் மட்டும்தான் முடியும்.

மார்ச் 5
யார் யாரோ குடிவரப் போகிறார்கள். ஆணி அடித்துப் படம் மாட்டுவார்கள். அந்தச் சுவரோரம் கட்டில் போடுவார்கள்.

ஆனால் அவன் — எனக்காகப் படிப்பை விட்டவன். ஏன் இது என் கண்ணில் பட வேண்டும்?

மார்ச் 6
சொல்லிவிட்டேன்.

“எந்தெந்தத் துளைன்னு எப்படிம்மா தெரியும்?” என்றார் மேனேஜர்.

“அது எங்க அண்ணன் கை சார்.”

இங்கே சேர்ந்த பிறகு நான் உரக்கச் சொன்ன முதல் வாக்கியம்.

மார்ச் 11
கோடு இருந்த துளைகளை நானே சாக்பீஸால் வட்டமிட்டேன். குடைந்து பார்த்தோம். பல நிறைந்திருந்தன. சில இல்லை.

அண்ணனை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அவசரப்படுத்திய மேனேஜரை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 12
“அந்த விரலை வச்சுத்தானடி நீ படிச்ச. அதையே காட்டிக்குடுத்துட்டியே.”

சொல்லிவிட்டு அம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

மார்ச் 14
அண்ணன் வேறு ஊருக்கு வேலை தேடிப் போய்விட்டான். விடியற்காலை பையோடு என் அறை வாசலில் கொஞ்சம் நின்றான். நான் தூங்குவதுபோல் கிடந்தேன். எழுந்திருக்க வேண்டியதுதானே? எழுந்து ஒரு வார்த்தை — ஏன் எழுந்திருக்கல நான்?

ஏப்ரல் 2
மறுபடி கிரவுட் ஏற்றியாகிவிட்டது. புதுக் குழு கரண்டியால் மழமழவென்று மூடியிருக்கிறது. எல்லாத் துளைகளும் ஒன்றுபோல் இருக்கின்றன.

மே 20
அம்மா கூப்பிட்டால் எடுக்கிறான். என் நம்பர் என்றால் அடித்துக்கொண்டே இருக்கிறது.

நவம்பர் 18
காலையில் நிலநடுக்கம். பக்கத்துத் தெருவில் மதில்கள் சரிந்துவிட்டன. நான் நேராக அந்தக் கட்டடத்துக்கு ஓடினேன். குடியிருப்பவர்கள் எல்லாரும் வெளியே, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு. மூன்றாவது மாடி அக்கா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “சுவரு எழுந்து உக்காந்த மாதிரி இருந்துச்சும்மா.”

மேலே ஏறிப் பார்த்தேன். சுவரடியில் மயிரிழை விரிசல்தான். கம்பிகள் பிடித்திருக்கின்றன.

வீட்டுக்கு வந்தபோது அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தாள். “அண்ணன்” என்று என்னிடம் நீட்டினாள்.

வாங்கிக் காதில் வைத்தேன்.

“மூணாவது மாடி?”

“நிக்குதுண்ணே. எல்லாரும் நல்லா இருக்காங்க.”

அவன் பெருமூச்சு விட்டான். நான் காத்திருந்தேன். வாலு என்று ஒரே ஒரு தடவை கூப்பிட மாட்டானா என்று.

“சரிங்க மேடம்.”

சிரிக்கிறானா என்று போனைக் காதோடு அழுத்திக் கேட்டேன். சிரிக்கவில்லை.