அர்த்தம் சொன்ன அண்ணிக்கு

என் பிரியத்துக்குரிய சலோமி அண்ணிக்கு,

நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. அண்ணன் இப்போது தானே சோறு வடிக்கிறார். பாதி நாள் குழைத்துவிடுகிறார், ஆனாலும் வேறு யாரையும் அடுப்பிடம் விடுவதில்லை. சபைக் கூரைக்குப் புது ஷீட் போட்டாயிற்று. மழை வந்தால் பாஸ்டர் பேசுவது இப்போதும் கேட்பதில்லை. உங்கள் செல்போனை அண்ணன் இன்னும் சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறார். யார் கூப்பிடப்போகிறார்கள் என்று கேட்டால், "இருக்கட்டும் விடு" என்கிறார்.

இதையெல்லாம் சொல்வதற்காக நான் எழுத உட்காரவில்லை. உங்களிடம் நேரில் சொல்லத் தைரியம் வராத ஒன்று இருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேல் உங்களோடு பழகியும் சொல்லாமல் விட்டேன். அன்று உபவாசக் கூட்டத்தில் நான் பேசியது ஆவியானவர் கொடுத்த அந்நியபாஷை இல்லை, அண்ணி. நானாகக் கட்டிப் பேசியது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. திண்டிவனத்தில் நம் காலனியில் என் வயதுப் பெண்கள் எல்லாரும் ஆவியின் அபிஷேகம் வாங்கிவிட்டார்கள். கையைத் தூக்கி, கண்ணீர் வழிய, புரியாத பாஷையில் துதித்தார்கள். நான் மட்டும் முழங்கால் வலிக்க உட்கார்ந்திருப்பேன். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால் அம்மா ஆரம்பிப்பார்கள். "இன்னுமாடி வரல? உன்கிட்ட இன்னா கொற இருக்குதுன்னு தெரியலியே." கூட்டேரிப்பட்டிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் முதலில் கேட்டதும் அதைத்தான். பெண்ணுக்கு அபிஷேகம் ஆயிற்றா?

நீங்கள் நம் வீட்டுக்கு வந்து அப்போது இரண்டு வருஷம். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த செல்வி, ஞானஸ்நானம் எடுத்துச் சலோமி ஆனீர்கள். பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும். சபைப் பெண்கள் உங்களைப் புதுசு என்றுதான் சொல்வார்கள். வரம், பாஷை என்று பேச்சு வந்தால் நீங்கள் எழுந்து தேங்காய் துருவப் போய்விடுவீர்கள்.

நம் வீட்டுக்கும் ரெபேக்கா அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அக்காவின் வீட்டுக்காரர் சாமுவேல் நம் சபையின் மூப்பர். டோலக் வாசிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கடவுள் தனக்குச் செய்ததைச் சாட்சி சொன்னால் கேட்பவர்கள் அழுவார்கள். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் ரெபேக்கா அக்காவை அடிப்பார். அந்தச் சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அம்மா டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். நான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வேன். நீங்கள் ஒருத்திதான் எழுந்து போய் அந்தச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவீர்கள். கொஞ்ச நேரம் அடங்கும். மறுநாள் மூப்பர் அண்ணனைக் கூப்பிட்டு, "உன் பொண்டாட்டிக்கு அடுத்த வீட்டு வேல இன்னா?" என்று கேட்பார்.

மூன்று நாள் உபவாசத்தின் கடைசி நாள், மத்தியானம். பசியில் தலை கிறுகிறுத்தது. பாஸ்டர் கைவைத்து ஜெபித்துக்கொண்டே என் வரிசைக்கு வந்தார். பின்னாலிருந்து அம்மா என் முதுகைத் தள்ளினார்கள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. வாயைத் திறந்தேன். பார்மசி பாடத்தில் மனப்பாடம் செய்திருந்த மருந்துப் பெயர்களைத் துண்டுதுண்டாக உடைத்து, தலைகீழாக்கி, வேகவேகமாகச் சொன்னேன். என்னைச் சுற்றி "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று எழும்பியது. அம்மா விம்மி அழுதார்கள். பயத்தில் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. மற்றவர்கள் எல்லாரும் அடங்கிய பிறகும் என் குரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நம் சபையின் ஒழுங்கு உங்களுக்குத் தெரியும். சத்தமாக ஒருவர் பாஷை பேசினால், அதன் அர்த்தத்தைச் சொல்லும் வரம் பெற்ற இன்னொருவர் எழுந்து சொல்லவேண்டும். பாஸ்டர் கேட்டார். "இதுக்கு அர்த்தம் யாருக்குக் குடுக்கப்பட்டிருக்கு?" யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் இரண்டாவது முறை கேட்டார். இன்னொரு முறை கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன்.

அப்போது நீங்கள் எழுந்தீர்கள்.

அர்த்தம் சொல்கிறவர்கள் வழக்கமாக வேதத்தின் தமிழில்தான் பேசுவார்கள். நீங்கள் உங்கள் ஊர்த் தமிழில் பேசினீர்கள். கண்ணை மூடவில்லை, கையைத் தூக்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கழனியில் பக்கத்து வரிசையில் நிற்பவளிடம் பேசுவதுபோலச் சொன்னீர்கள்.

"அம்மாடி, அரிசிக்குள்ள ஒரு பைய பொதச்சி வெச்சிருக்க இல்ல? நாலு நாளா எடுக்கற, வெக்கற. நீ அடி வாங்கறது எனக்கு இஷ்டம் இல்ல. பொறுத்துக்கோன்னு யாரு சொன்னாலும் நம்பாத, அது நான் சொன்னது இல்ல. எழுந்துரு. புள்ளயக் கூட்டிக்கினு ஜல்தியா கெளம்பு. நான் உன் கூடவே வர்றேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையிலிருந்து ரெபேக்கா அக்கா எழுந்தார். ஐந்து வயது மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வாசலைத் தாண்டிப் போனார். மூப்பரின் இரண்டு கையும் டோலக்கின் மேல் இருந்தன. அவர் எழுந்து பின்னாலேயே போனால், அடிக்கிறவன் நான்தான் என்று சபைக்கே சொன்னதாகிவிடும். அவர் எழுந்திருக்கவில்லை. பாஸ்டர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்றைக்கும் இல்லாத அளவுக்கு நீளமாக ஜெபம் செய்தார். அந்த ஜெபம் முடிவதற்குள் ரெபேக்கா அக்கா அரிசிக்குள் மறைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு செஞ்சி பஸ்ஸில் ஏறி, அனந்தபுரத்தில் இருந்த அம்மா வீட்டுக்குப் பாதி தூரம் போயிருந்தார்.

மறுநாள் ஆராதனைக்குப் பிறகு பாஸ்டர் நம் இருவரையும் உள் அறைக்குக் கூப்பிட்டார். மூப்பரும் இருந்தார். "இது ஆவியானவர் பேசனது இல்ல பாஸ்டர். இவளுங்க ரெண்டு பேரும் சேந்து பண்ண வேல," என்று கத்தினார். பாஸ்டர் என்னிடம்தான் முதலில் கேட்டார்.

"கிருபா, நீ பேசனது ஆவியானவர் குடுத்ததாம்மா?"

இல்லை என்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சாயங்காலமே ஆள் அனுப்பி ரெபேக்கா அக்காவைத் திரும்பக் கூட்டி வந்துவிடுவார்கள். உங்களைப் பொய்த் தீர்க்கதரிசனம் சொன்னவள் என்பார்கள். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை, அண்ணி. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஆமாங்க பாஸ்டர்," என்றேன்.

பாஸ்டர் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. மூப்பரிடம், "சாமுவேல், எனக்கும் தெரியும்பா. காத்துவாக்குல வந்துச்சி. ஆவியானவர் பேசறதுக்கு முன்னாடி நான் பேசியிருக்கணும்," என்றார். அவரிடம் இருந்த சபைச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். மூப்பர் அந்த மாதமே சென்னையிலிருந்த தங்கை வீட்டுக்குப் போனார். திரும்பவும் சேர்ந்து வாழச் சொல்லி ரெபேக்கா அக்காவை யாரும் கேட்கவில்லை.

எனக்குக் கல்யாணம் நடந்தது. கூட்டேரிப்பட்டில் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலையும் கிடைத்தது. ஆனால் அதற்குப் பிறகு சபையில் என்னால் வாய்விட்டு ஜெபிக்க முடியவில்லை. பரிசுத்த ஆவியின் பெயரில் பொய் சொன்னவளுக்கு என்ன மன்னிப்பு? இந்தக் கேள்வியோடுதான் ஒவ்வொரு ஞாயிறும் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் தெரிந்தேதான் செய்தீர்கள் என்று எனக்கு நானே முடிவு கட்டியிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கச் சத்தத்தைச் சொல்ல உங்களுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது, என் பொய் அந்த இடத்தைத் திறந்துவிட்டது என்று. அப்படியானால் என் பொய் உங்களுக்கும் தெரியும். இத்தனை வருஷமும் நான் உங்கள் கண்ணைப் பார்த்துப் பேசத் தயங்கியது அதனால்தான்.

கிட்னி கெட்டு, வாரம் இரண்டு நாள் விழுப்புரத்துக்கு டயாலிசிஸுக்குப் போனீர்களே, அந்த நாட்களை நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் திண்டிவனத்தில் ஏறுவீர்கள், நான் கூட்டேரிப்பட்டில் ஏறி உங்கள் பக்கத்தில் உட்காருவேன். அர்த்தம் சொல்லும் வரம் இருந்தவளுக்குச் சுகம் ஏன் வரவில்லை என்று சபைக்கு வந்த ஒரு பிரசங்கியார் கேட்டாராம். அதைப் பஸ்ஸில் என்னிடம் சொல்லிச் சிரித்தீர்கள். "சொகமாக்கற வரம் இருந்தா வாய்யான்னேன். என்ன வுடு, அந்த வார்டுல வரிசையா படுத்துக்கினு கெடக்கறாங்க, அவங்ககிட்ட மொதல்ல போன்னேன். ஆளு அதோட சரி."

சிரித்து முடித்துவிட்டுத் திடீரென்று கேட்டீர்கள். "கிருபா, அன்னிக்கிப் பேசனியே. அப்புறம் ஏன் ஒரு நாளும் பேசல?"

"வரல அண்ணி."

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். பிறகு, "எனக்கும் அதே கததான். ஒரு தபாவோட சரி," என்றீர்கள். தண்ணீர் பாட்டிலை வாங்கி ஒரே ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தீர்கள். அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும். ஏன் கேட்கவில்லை? நீங்களும் ஏன் அதற்குமேல் சொல்லவில்லை?

போன மாதம் ரெபேக்கா அக்கா கடைக்கு வந்தார். தலை நரைத்திருக்கிறது, உடம்பு நன்றாக இருக்கிறது. அனந்தபுரத்தில் சத்துணவு சமைத்து மகளை நர்ஸுக்குப் படிக்க வைத்துவிட்டார். அந்த மகளுக்குத்தான் கல்யாணம் என்று பத்திரிகையை நீட்டினார். நீங்கள் போன விஷயம் அவருக்குத் தாமதமாகத்தான் தெரிந்ததாம். கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"கல்யாண ஸ்டேஜ்ல சாட்சி சொல்லப்போறேன் கிருபா. அன்னிக்கிக் கடவுள் உங்க ரெண்டு பேரு வாயாலயும் பேசனத சொல்லப்போறேன். அவ இல்ல, நீயாவது என் பக்கத்துல வந்து நில்லு."

இன்னொரு முறை என்னால் பொய் சொல்ல முடியவில்லை, அண்ணி. அங்கேயே, பி.பி. மாத்திரைக்குக் காத்திருந்த ஒரு பெரியவர் போனதும், சொல்லிவிட்டேன்.

ரெபேக்கா அக்கா கவுன்ட்டரிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "எங்கம்மா திரும்பிப் போடின்னா. ஊரே பேசிச்சி. கடவுளே போன்னு சொன்னாருன்னு தான் அத்தனையும் தாங்கினு இருந்தேன். அத இப்ப வந்து புடுங்கிக்கிறியே, நல்லா இருக்குதா?" பத்திரிகை கவுன்ட்டரில் கிடந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் ரோட்டைக் கடந்து போனார்.

அந்த வாரம் முழுவதும் இதையே கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னது யாருக்காக? அவருக்காகவா, என் பாரம் இறங்குவதற்காகவா?

எட்டாம் நாள் அவரே போன் செய்தார். குரலில் கோபம் இல்லை.

"கிருபா, ஒண்ணு கேக்கறேன். அந்தப் பை அரிசிக்குள்ள இருந்தது உங்கண்ணிக்கு எப்பிடித் தெரியும்?"

"செவுரு வழியா எல்லாம் கேக்குமேக்கா."

"அடிச்சா கேக்கும். பைய அரிசில பொதச்சா கேக்குமா? என் புள்ளைக்கே தெரியாது. உங்கண்ணி எங்க வூட்டு வாசப்படி ஏறனதே இல்ல. அவரு வுட மாட்டாரு. நாலு நாளுன்னு எப்பிடிச் சொன்னா?"

ரெபேக்கா அக்கா தொடர்ந்து பேசினார். "நீ இன்னா பேசனியோ அது உன்னோட. எனக்கு வந்தது எனக்கு வந்தது தான். கல்யாணத்துக்கு வா. சாட்சி சொல்ல வேணாம், சாப்புட வா."

போனேன். ரெபேக்கா அக்கா மேடையில் உங்கள் பெயரைச் சொன்னார். அனந்தபுரத்து ஜனங்கள் உங்களைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் கைதட்டினார்கள். அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். எனக்கு ரொம்ப வருஷத்துக்குப் பிறகு வாய்விட்டு ஜெபம் வந்தது. நாலே வார்த்தை, சாதாரணத் தமிழ்.

எப்படித் தெரிந்தது, அண்ணி? அரிசி களையும் சத்தத்தில் எதையாவது கண்டுகொண்டீர்களா? தண்ணீர் பிடிக்கும் இடத்தில் ரெபேக்கா அக்கா முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டீர்களா? அல்லது கடவுள் என் பொய்யையும் கையில் எடுத்துக்கொண்டாரா? நீங்கள் இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். உங்களுக்கே தெரியாமல்கூட இருந்திருக்கலாம்.

கடைசியாக ஒரு விஷயம். எங்கள் கடைக்கு ஒரு பெண் வாராவாரம் வருகிறாள். வயது முப்பது இருக்கும். வீக்கத்துக்குத் தடவும் களிம்பு வாங்குவாள். ஒரு வாரம் வழுக்கி விழுந்தேன் என்பாள், அடுத்த வாரம் மாடு முட்டிவிட்டது என்பாள். ஐந்து மாதமாக நானும் தலையாட்டிக் களிம்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவள் செவ்வாய்க்கிழமை வருவாள். வந்ததும் உள்ளே கூப்பிட்டு ஸ்டூலில் உட்கார வைத்து, "யாரும்மா அடிக்கறாங்க?" என்று கேட்பேன். அவள் போகவேண்டும் என்றால் பஸ் ஸ்டாண்டு வரை நானே கூடப் போவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

என்றும் உங்கள் பிரியமுள்ள நாத்தனார்,
கிருபா