சட்டிச் சோற்றுக்கு நீட்டிய கை

தம்பி,

முதலில் பிள்ளைகள் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். உன் மகள் செல்வி பேங்கில் ஆபிசராகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். உன் மகன் முருகேசன் ஓசூர் கம்பெனியில் சூப்பர்வைசர். சொந்தச் சம்பாத்தியத்தில் கார் வாங்கி, கோமதியம்மன் கோயிலில் பூசை போட்டு, முதல் ஆளாக என்னை ஏற்றி ரத வீதி சுற்றிக் காட்டினான். என் பேத்தி ப்ளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே முதலாக வந்தாள். அஞ்சாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவளின் பேத்தி. இவ்வளவும் நடந்திருக்கிறது. மிட்டாய் டப்பாவோடு தெருத்தெருவாக அலைந்து பெருமை பேச வேண்டிய நீ எங்கே போனாய்?

இன்று உன் வருசப் படையல். காலையில் பரணிலிருந்து இரும்புச் சட்டியை இறக்கினேன். ஒரு வருசமாகக் கவிழ்ந்து கிடந்தும் அடியில் கறி வாடை போகவில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன். ஆத்திரம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் புளியங்குடி எலுமிச்சை மண்டியிலிருந்து பை நிறையப் பழத்தோடு வந்து இறங்குவாய். நான் கொழுப்பை உருக்கி அதிலேயே கறியைச் சுக்காவாக வறுப்பேன். கறியை வழித்து எடுத்தபின், கறுத்துப் போன அந்தச் சட்டியில் சுடுசோற்றைக் கொட்டிப் பிரட்டுவேன். நம் வீட்டில் சட்டிச் சோற்றைத் தட்டில் வாங்குவது கிடையாது. அடுப்பைச் சுற்றி நின்று கையை நீட்ட வேண்டும். இளையவருக்கு முதல் உருண்டை. ஐம்பது தாண்டிய நீ பிள்ளைகளை முந்திக்கொண்டு நீட்டுவாய்.

"யக்கா, நாந்தான ஒனக்கு எளையவன்? மொதல்ல எனக்குப் போடு."

"ஏலே, ஒன் மவன் பின்னால நிக்கான். வெக்கமா இல்ல?"

"அவனுக்கு அவன் அக்கா போடுவா."

நெஞ்சில் அடைப்பு என்று டாக்டர் சொன்ன அன்றே சட்டியைப் பரணில் ஏற்றினேன். மூன்றாம் மாதம் நீயாக வந்து நின்றாய். "எல்லாம் நார்மலாயிட்டு யக்கா. வாரத்துக்கு ஒரு நா திங்கலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு" என்றாய். ஒரு பழத்தை அறுத்து, "இதுல ஒரு மூடி பிழிஞ்சா போதும், கொழுப்பெல்லாம் கரைஞ்சிரும்" என்றாய். நான் நம்பிச் சட்டியை இறக்கினேன். எண்ணெய்ப் பிசுக்குத் தட்டை எலுமிச்சைத் தோலால் தேய்த்தால் பளிச்சென்று ஆகிறது. வயிற்றுக்குள்ளும் அப்படித்தான் என்று நினைத்தேன். டாக்டர் சீட்டைக் காட்டு என்று நான் கேட்கவில்லை. அஞ்சாப்புக்காரிக்கும் எண் வாசிக்கத் தெரியும் என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் நீயும் காட்டவில்லை.

உன்னைக் கிடத்தியிருந்த வீட்டில், உன் பெண்டாட்டி பேச்சி எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொன்னாள். "தம்பிக்கு ஊட்டி ஊட்டியே அனுப்பி வச்சிட்டியளே, மதினி. இப்ப திருப்திதானா?" டாக்டர் சொன்னாரே என்று வாயெடுத்தேன். அழுகைச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. அதன்பிறகு அவள் என் வாசலை மிதிக்கவில்லை. காய்கறி மார்க்கெட்டில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். பிள்ளைகள் மட்டும் வந்து போனார்கள்.

இன்று காலை கறிப் பையோடு வந்து வாசலிலேயே நின்றாள்.

"படையல்ல சட்டிச் சோறு வைக்கணும்னு முருகேசன் ஒத்தக் கால்ல நிக்கான், மதினி. எனக்கு அந்தப் பக்குவம் வராது."

"வச்சா, நாந்தான் கொன்னேன்னு இன்னொருக்கச் சொல்லுவியாட்டி?"

அவள் தலை நிமிரவில்லை. "திங்கலேன்னு அக்கா அழுதா, அதுக்காகத்தான் ரெண்டு வாய் தின்னேன்னு ஒங்க தம்பி சொல்லுவாவ. நீங்க ஏன் மதினி அப்படி அழுதிய?"

"நான் எதுக்குட்டி அழுதேன்? டாக்டரே திங்கச் சொல்லிட்டாருன்னுல்லா எங்கிட்டச் சொன்னான்."

"எந்த டாக்டரு? கொழுப்பு வாசமே ஆகாதுன்னாரு. நான் பக்கத்துலதான நின்னேன்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவளிடம் ஒரு பொய், என்னிடம் ஒரு பொய். ஒரு உருண்டைச் சோற்றுக்காக என்னைக் கொலைகாரி ஆக்கிவிட்டு நீ நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொண்டாய். உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கரண்டியாலேயே உன் முதுகில் போட்டிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாய்.

பேச்சி உள்ளே வந்து வெங்காயம் உரித்தாள். நான் வறுத்தேன். உன் இலையில் சோற்றை வைத்தபோது, முருகேசன் பழக்கதோசத்தில் எலுமிச்சை மூடியைக் கொண்டுவந்தான். "புளுகுனதுக்கு எலுமிச்சம்பழம் வேற கேடா? எடுத்துட்டுப் போலே" என்றேன். பேச்சி முதலில் சிரித்தாள். பிறகுதான் அழுதாள்.

படையல் முடிந்து அடுப்பைச் சுற்றி நின்றோம். முருகேசனுக்கும் செல்விக்கும் நெல்லிக்காய் அளவுதான் உருட்டினேன். உன் மகன் முறைத்தான். முறைக்கட்டும். இனிமேல் டாக்டர் சீட்டைக் காட்டாதவனுக்கு அதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டேன். கடைசியாகப் பேச்சி கையை நீட்டினாள். இத்தனை வருசத்தில் அவள் நீட்டியதே இல்லை. வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள். "இதுக்காகப் பொய் சொல்லலாம் போலதான் இருக்கு, மதினி."

அவள் உன்னை மன்னித்துவிட்டாள் போலிருக்கிறது. நான் மன்னிக்கவில்லை. சட்டியைப் பரணில் ஏற்றவும் இல்லை.

சுவரில் தொங்கும் உன் படத்தில், ஸ்டுடியோக்காரன் உன் தலையை ஒரு கோட்டு மேல் ஒட்டியிருக்கிறான். எலுமிச்சை மூட்டை சுமந்தவனுக்குக் கோட்டு, டை. அந்த ஆளை எனக்கு யாரென்றே தெரியவில்லை. தெரியாத ஆளை எப்படித் திட்டுவது? செல்வியின் போனில் நீ சட்டி முன்னால் கை நீட்டி நிற்கும் படம் ஒன்று இருக்கிறது. பஸ் ஏறும்போது அவளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்:

"ஏட்டி, அதப் பெருசாப் போட்டுத் தபால்ல அனுப்பு. ஒங்கப்பன் கையை வெட்டிராத. கை முழுசாத் தெரியணும்."